கல்விக்கு 6 சதவீதம்: மீதியை யார் கட்டுகிறார்கள்?

2025 பெப்ரவரி 19, தெஹிவளை வாசகர் ஒருவர் இணைய இழையில் தொடக்கிய கேள்வி

திங்கட்கிழமை இலங்கையின் பாதீட்டை (வரவு செலவுத் திட்டத்தை) வாசித்தார்கள். கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் என்று தேர்தலில் சொன்னவர்களின் முதல் பாதீடு 6க்குக் கிட்டவும் போகவில்லை. ஆனால் என் கேள்வி வேறு. நமக்கு 6 எதற்கு? 2 சதவீதத்தை வைத்துக்கொண்டே எழுத்தறிவில் 92 சதவீதத்தைத் தாண்டிவிட்டோம். பாடநூல் இலவசம், சீருடை இலவசம், பல்கலைக்கழகம் இலவசம். நம்மைவிட அதிகம் செலவழிக்கும் எத்தனையோ நாடுகள் நமக்குப் பின்னால் நிற்கின்றன. காசு பிரச்சினை இல்லை, வீண்செலவுதான் பிரச்சினை. மறுக்க முடிந்தவர்கள் மறுக்கலாம்.

பெப்ரவரி 19, இரவு

தெஹிவளை அண்ணா, நான் மறுக்கிறேன்.

எனக்கு வேலை பழைய சோனகத் தெருவில், ஒரு ஹார்ட்வெயார் கடையின் கணக்குப் பகுதியில். பிள்ளைகள் இருவரும் கொழும்பின் வடக்குப் பக்கத்தில் ஒரு மாகாணப் பாடசாலையில் படிக்கிறார்கள். கணக்குத் தெரிந்தவள் என்பதால் வகுப்புப் பெற்றோரின் காசுப் புத்தகம் சில வருடங்களாக என் கையில்தான். அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? மின்விசிறி. தவணைப் பரீட்சைத் தாளுக்குப் போட்டோ கொப்பிச் செலவு. கதவுப் பூட்டு. கழிவறை கழுவ வருகிற அம்மாவின் மாதச் சம்பளத்தில் எங்கள் வகுப்பின் பங்கு. தண்ணீர் வடிகட்டி. மழைக்காலத்துக்கு முன் கூரைத் தகடு மாற்றியது. விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல். எல்லாமே இலவசக் கல்விக்குள் நடந்தவை.

நீங்கள் சொல்லும் 2 சதவீதம் அரசு செலவழிப்பது. நாடு கல்விக்குச் செலவழிப்பது அதைவிட நிறைய. இடையில் உள்ளதை நாங்கள் கட்டுகிறோம், அதற்குப் பற்றுச்சீட்டுக்கூட முழுதாக இல்லை. எழுத்தறிவு 92 என்று சொல்லும்போது அந்தக் காசையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெப்ரவரி 20

இரவோடு இரவாக வந்த பதில்களில் ஒருவர், "2 சதவீதமாவது, அமைச்சின் ஒதுக்கீட்டை எடுத்து வகுத்தால் ஒன்றைத் தாண்டுவதே கஷ்டம்" என்று எழுதியிருக்கிறார். அது பாதிக் கணக்கு.

மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாண சபையின் கீழ். நாட்டில் பத்தாயிரம் அளவில் அரச பாடசாலைகள். கல்வி அமைச்சு நேரடியாக நடத்தும் தேசியப் பாடசாலைகள் அதில் சில நூறுதான். மற்றப் பாடசாலைகளின் ஆசிரியர் சம்பளம் மாகாணத்தின் கணக்கில் ஏறுகிறது, காசு மத்தியிலிருந்து மானியமாகப் போனாலும். பாதீட்டில் கல்வி அமைச்சின் செலவுத் தலைப்பை மட்டும் பார்த்தால் அந்தச் சம்பளம் கண்ணில் படாது. பல்கலைக்கழக மானியம், பிரிவேனாக்கள் (பௌத்த பிக்குகளின் கல்வி நிலையங்கள்), தொழிற்பயிற்சி என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தலைப்பு. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் பாதுகாப்பு அமைச்சின் கீழ். பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல புலமைப்பரிசில் 1981இல் தொடங்கிய நம்பிக்கை நிதியத்தின் பெயரில் போகிறது, அந்த நிதியத்துக்கு லொத்தர் காசும் வருகிறது. எதைச் சேர்க்கிறீர்கள், எதை விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒரே வருடத்துக்கே இரண்டு மூன்று எண்கள் வரும்.

ஆகவே இந்த இழையில் நான் "சுமார் 2, பல வருடங்களில் அதற்கும் கீழே" என்றுதான் எழுதுவேன். ஒன்றரையா ஒன்றே முக்காலா என்று சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. எந்தக் கணக்கை எடுத்தாலும் 6க்கும் அதற்கும் உள்ள தூரம் அப்படியேதான் இருக்கிறது.

பெப்ரவரி 20, மாலை

6 எங்கிருந்து வந்தது என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இந்தியாவில் கோத்தாரி கல்வி ஆணைக்குழு 1964 முதல் 1966 வரை இருந்தது. தேசிய வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்குப் போக வேண்டும் என்றது அந்தக் குழு. 2020இல் வந்த அவர்களின் புதிய கல்விக் கொள்கையும் அதே 6ஐத்தான் திரும்பவும் எழுதியிருக்கிறது. உலக அளவில், 2015இல் கல்வி பற்றிய உலக நாடுகளின் இஞ்சியோன் பிரகடனத்தை ஒட்டி வந்த செயற்பாட்டுச் சட்டகத்தில் இரண்டு அளவுகோல்கள் உண்டு: மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 சதவீதம், அல்லது அரச செலவில் 15 முதல் 20 சதவீதம். இரண்டாவதைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. நான் அதற்குத் திரும்பி வருவேன்.

பெப்ரவரி 22

தெஹிவளை அண்ணா, உங்கள் 92க்கு வருகிறேன்.

அந்த எழுத்தறிவு இன்றைய 2 சதவீதத்தின் விளைச்சல் இல்லை. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்து, இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது 1945இல். மத்திய மகா வித்தியாலயங்கள் நகரத்துக்கு வெளியே எழுந்ததும் அந்தக் காலத்தில்தான். 1960, 61இல் அரச உதவியோடு மற்றவர்கள் நடத்திய பாடசாலைகளை அரசு எடுத்துக்கொண்டது. 1960களில் கல்விக்குப் போன பங்கு இன்றையதைவிடத் தெளிவாக அதிகம். 1980இல் பாடநூல் இலவசமானது, 1993இல் சீருடைத் துணி. பாட்டன் பூட்டன் காலத்துக் காசு போட்ட அத்திவாரத்தில் நின்றுகொண்டு "பார், செலவில்லாமலே வீடு நிற்கிறது" என்று சொல்கிறோம்.

சீருடைத் துணியையே எடுங்கள். 2023இல் தேவையின் பெரும்பகுதியைச் சீனா நன்கொடையாகத் தந்தது. இந்த வருடமும் துணி அங்கிருந்துதான். பிள்ளைகளுக்குச் சட்டை கிடைத்தது, அதற்கு நன்றி. ஆனால் இலவசச் சீருடை என்பதை நம் அரசின் செலவுப் பட்டியலில் பெருமையாகச் சேர்ப்பதற்கு முன் ஒரு தரம் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. எழுத்தறிவு என்றால் எழுத வாசிக்கத் தெரியும் என்பது மட்டுமே. தரம் 9இல் படிக்கும் பிள்ளை பின்னக் கணக்குப் போடுமா, இரண்டாம் மொழியில் ஒரு கடிதம் எழுதுமா என்பதை அந்த எண் சொல்லாது. விஞ்ஞானகூடத்தைப் பூட்டியே வைத்திருக்கும் பாடசாலையின் பிள்ளைகளும் அந்த 92க்குள் வந்துவிடுவார்கள்.

பெப்ரவரி 23

ஒரு பங்கு குறைந்தது என்றால் செலவு குறைந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2022 அதற்கு நல்ல உதாரணம்.

அந்த வருடம் நாட்டின் உண்மையான உற்பத்தி 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. ஆனால் விலைவாசி ஏறிய வேகத்தில், செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தொட்டது. ரூபாய்க் கணக்கில் மொத்த உற்பத்தி 17 டிரில்லியனுக்குச் சற்று மேலிருந்து 24 டிரில்லியன் அளவுக்கு வீங்கியது. ஆசிரியரின் சம்பளம் அந்த வேகத்தில் ஏறுமா? வலயக் கல்விப் பணிமனைக்கு வரும் ஒதுக்கீடு ஏறுமா? 100 ரூபாய்க்கு 2 ரூபாய் செலவழித்தவர், உற்பத்தி 136 ஆனபோதும் அதே 2 ரூபாயில் நின்றால் பங்கு ஒன்றரைக்கும் கீழே போய்விடும். காகிதத்தில் அது "ஒதுக்கீட்டை வெட்டவில்லை". அந்த 2 ரூபாயில் முன்பு வாங்கிய கடதாசியில் பாதிகூட வாங்க முடியவில்லை.

அந்த மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளிப்போட்டார்கள், அச்சடிக்கக் கடதாசி இல்லை என்று. எங்கள் கடையில் பழைய இன்வொய்ஸ் புத்தகங்களின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். முதலாளியிடம் கேட்டு ஒரு மூட்டை கட்டிக்கொண்டு போய் வகுப்பு டீச்சரிடம் கொடுத்தேன். ஒருபக்கம் ஆணி, கீல், பெயின்ட் விலை, மறுபக்கம் டீச்சர் கையால் எழுதிக் கொடுத்த கணிதப் பயிற்சி. என் மகள் அதில் சிலதை இன்னும் வைத்திருக்கிறாள். ஜூனில் எரிபொருள் இல்லாமல் பாடசாலையையே மூடினார்கள்.

பெப்ரவரி 23, சற்றுப் பிறகு

"ஆணி விலையும் பிள்ளைக்குப் பாடமாகியிருக்கும், வணிகக் கல்வியில் ஏ எடுத்திருப்பாளே" என்று மட்டக்குளி அண்ணா எழுதியிருக்கிறார். எடுத்தாள் அண்ணா! வீட்டில் வாசித்துக் காட்டினேன், எல்லோரும் சிரித்தோம்.

பெப்ரவரி 25

இதுதான் நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய குறிப்பு. 6 சதவீதக் கோரிக்கையை மனதார ஆதரிப்பவர்களிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு: அரசின் கைக்கு எவ்வளவு வருகிறது?

1990களின் முற்பகுதியில் அரச வருமானம் மொத்த உற்பத்தியில் 20 சதவீதம் அளவில் இருந்தது. பிறகு வருடா வருடம் இறங்கிக்கொண்டே வந்தது. 2019 டிசம்பரில் வற் வரியை (பெறுமதி சேர் வரியை) 15இலிருந்து 8 ஆக்கி, வருமான வரியிலும் பெரிய சலுகை கொடுத்தார்கள். 2021, 2022இல் வருமானம் 8 சதவீதம் அளவுக்கு விழுந்தது. உலகத்திலேயே மிகக் குறைவாக வரி சேர்க்கும் நாடுகளில் ஒன்றானோம்.

இப்போது போட்டுப் பாருங்கள். நாட்டில் 100 ரூபாய்க்கு உற்பத்தி. அரசுக்கு வருவது 8 ரூபாய். அந்த இரண்டு வருடங்களிலும் கடன் வட்டிக்கு மட்டும் வருமானத்தில் 70 சதவீதத்துக்கு மேல் போனது, அதாவது 8இல் ஐந்தரைக்கு மேல். கையில் இரண்டரைகூட இல்லை. அதற்குள் ஆஸ்பத்திரி, ஓய்வூதியம், இராணுவம், உர மானியம், கல்வி. அதில் கல்விக்கு மட்டும் 6 கேட்கிறோம். அந்த வருடங்களில் சம்பளம் கொடுத்ததே கடன் வாங்கியும் காசு அச்சடித்தும்தான்.

இதனால் 6 கேட்பது தவறு என்று நான் சொல்லவில்லை. 6 கேட்பவர் வரியையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும், யாரிடமிருந்து எந்த வரி என்று. வற் இப்போது 18 சதவீதம், 2024 ஜனவரியிலிருந்து. நம் வரி வருமானத்தில் பெரும்பங்கு பொருள்களின் மேல் விழும் மறைமுக வரி. கொழும்பில் வசதி குறைந்தவர்கள் வாழும் புளூமெண்டாலில் இருக்கும் தாய் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கும்போதும் வரி கட்டுகிறாள், அந்தப் பிள்ளையின் பாடசாலைக்கு மின்விசிறி வாங்கவும் காசு கட்டுகிறாள். இரண்டு தரம் கட்டுபவளிடம் மூன்றாம் தரமும் வாங்கி 6 ஆக்குவதென்றால் அந்த 6 எனக்கு வேண்டாம். வருமான வரிக் கோப்பே திறக்காமல் பெரிய சொத்து வைத்திருப்பவர்களிடம் சேர்த்து 6 ஆக்கினால் வேண்டும்.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் திட்டம் தொடங்கிய பிறகு வருமானம் ஏறியிருக்கிறது. 2024இல் 13ஐத் தாண்டியது, இந்த வருட இலக்கு 15 சதவீதம். ஆகவே "காசு இல்லை" என்ற பதில் 2022இல் இருந்த அளவுக்கு இப்போது செல்லாது. கேட்க இதுவே நேரம்.

பெப்ரவரி 26

2012 வேலைநிறுத்தத்தை ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். பல்கலைக்கழக ஆசிரியர் சம்மேளனம் ஜூலையில் தொடங்கி அக்டோபர் வரை நடத்தியது. செப்டம்பரில் காலியிலிருந்து கொழும்புக்கு நடந்தே வந்தார்கள். கூட்டம் காலி வீதியில் போனபோது நான் வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். கையிலிருந்த அட்டைகளில் சிங்களத்திலும் தமிழிலும் அந்த "6%". என் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் "சம்பளத்துக்குத்தான் நடக்கிறார்கள்" என்றார். சம்பளமும் அதில் இருந்தது, அவர்களே மறைக்கவில்லை. ஆனால் அதற்கு முன் இந்த நாட்டில் பஸ் தரிப்பிடத்தில் நிற்பவர்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் பங்கைப் பற்றிப் பேசியதில்லை. அதை ஒரு வாய்ப்பேச்சாக ஆக்கியது அவர்கள்தான். அந்தப் போராட்டத்தில் நின்ற ஹரிணி அமரசூரிய இன்று பிரதமர், கல்வி அமைச்சரும் அவரே. அதனால் எனக்கு எதிர்பார்ப்பும் அதிகம், பொறுமை குறைவு.

பெப்ரவரி 28

என் அக்கா மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. இந்த இழையை அவளுக்கு அனுப்பினேன். தொலைபேசியில் அவள் கேட்டது: "உங்கள் பெற்றோர் மின்விசிறி வாங்குகிறார்கள். என் பெற்றோர் எதை விற்று வாங்குவார்கள்?"

இந்தக் கேள்விக்கு முன்னால் கொழும்பில் உட்கார்ந்து நான் எழுதியது எல்லாம் கொஞ்சம் சிறிதாகத் தெரிகிறது. தோட்டப் பாடசாலைகளை அரசு எடுத்துக்கொண்டதே 1970களில்தான், மற்றப் பாடசாலைகளுக்கு எத்தனையோ காலம் பின்னால். அதற்குப் பிறகும் பல இடங்களில் கட்டடத்துக்கு ஸ்வீடனின் உதவி வர வேண்டியிருந்தது. மலையகத்துக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரிக்கு ஜெர்மனி கைகொடுத்தது. 1945இல் எல்லோருக்கும் இலவசம் என்று அரசு சொன்னபோது தோட்டத்து லயன் வீட்டுப் பிள்ளை அந்த "எல்லோருக்கும்" உள்ளே வரவில்லை.

கொழும்பில் பெயர்பெற்ற பாடசாலைக்குப் பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. லண்டனிலும் டொரொன்டோவிலும் கிளை இருக்கிறது. நீச்சல் தடாகம் கட்டலாம், கணினிக் கூடம் கட்டலாம். எங்கள் பாடசாலைக்கு ஒரு பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் என்னைப் போல் காசு சேர்க்கும் சில தாய்மாரும். அக்காவின் பாடசாலைக்கு அரசு மட்டுமே. அரசு 2 கொடுத்தால் அவர்களுக்கு 2தான், மேலே சேர்க்க ஆள் இல்லை. தேசியச் சராசரி என்று ஒரு எண்ணைச் சொல்லும்போது இது மூன்றும் ஒரே எண்ணுக்குள் போய்விடுகிறது.

அரசின் பங்கு குறையக் குறைய வசதியான பாடசாலை வேறு வழியில் சமாளிக்கும், வசதியில்லாதது அப்படியே விழும். தெஹிவளை அண்ணா, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்.

மார்ச் 1

தெஹிவளை அண்ணா எழுதியிருக்கிறார்: "அதுதான் நானும் சொல்கிறேன். 50 பிள்ளைகளுக்கும் குறைவான பாடசாலைகள் ஆயிரத்துக்கு மேல். ஆசிரியர் இருக்கிறார், பிள்ளை இல்லை. அதை மூடினாலே காசு வரும். பிறப்பும் குறைகிறது, 2023இல் இரண்டரை லட்சத்துக்கும் கீழே. பிள்ளைகள் குறைந்தால் அதே காசு ஒவ்வொருவருக்கும் அதிகமாகக் கிடைக்கும்."

பிறப்புக் கணக்கு சரி. கொழும்புப் பாடசாலைகளில் முதலாம் தர அனுமதிக்கு நடக்கும் இழுபறி சில வருடங்களில் தளரக்கூடும். ஆனால் பிள்ளை குறைகிறது என்று நிதியமைச்சு ஒதுக்கீட்டையும் சேர்த்துக் குறைத்தால் ஒரு பிள்ளைக்கும் ஒரு சதமும் கூடாது. உங்கள் கணக்கு வேலை செய்ய வேண்டுமென்றால் பங்கை இப்போதே கட்டிப் பிடித்து வைக்க வேண்டும். அப்படியென்றால் நீங்களும் என் பக்கம்தான் நிற்கிறீர்கள்.

சிறிய பாடசாலையை மூடுவது பற்றி: நகரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டைச் சேர்க்கலாம், நானும் ஒத்துக்கொள்கிறேன். மலையில் அடுத்த பாடசாலைக்குப் போகும் வழியில் பஸ் இல்லை. அட்டைக்கடியும் மண்சரிவும் உண்டு. அங்கே மூடினால் மிச்சமாகிற காசு, பெண்பிள்ளை ஓ.எல்லோடு (சாதாரண தரத்தோடு) நின்றுவிடுவதில் போய் முடியும்.

மார்ச் 2

ரியூஷன் பற்றி எழுதாமல் இந்த இழை முடியாது என்று நினைத்தேன், அதற்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் வெள்ளவத்தையின் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் பார்க்கலாம். மாடிப்படியில் செருப்புக் குவியல், மேலே மைக் வைத்து ஏ.எல் (உயர்தர) இரசாயனவியல். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு மூன்றாம் தரத்திலிருந்தே வகுப்பு. எங்கள் வீட்டில் வாடகைக்கு அடுத்த பெரிய செலவு அதுதான். நானே அனுப்புகிறேன், அனுப்பாமல் இருக்கத் தைரியம் வரவில்லை. ஏ.எல்லில் தகுதி பெறுபவர்களில் நான்கில் ஒருவர் அளவில்தான் அரச பல்கலைக்கழகத்துக்குள் போகிறார்கள். அந்த ஓர் இடத்துக்கு எல்லோரும் ஓடுகிறோம்.

பாடசாலையில் படிப்பிக்காத ஆசிரியர் ரியூஷனில் படிப்பிக்கிறார் என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். அதற்குக் கொட்டாஞ்சேனை டீச்சர் ஒருவர் மனம் நொந்து பதில் போட்டிருக்கிறார். டீச்சர், உங்களை நோக்கி யாரும் அப்படிச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 2021இல் ஆசிரியர்களும் அதிபர்களும் இணையவழிக் கற்பித்தலை நிறுத்திப் போராடியபோது கேட்டது பல வருடங்களாகத் தீராத சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லித்தான். மலிவான சம்பளம்தான் நம் "2 சதவீத அதிசயத்தின்" உள்ளே இருக்கும் இரகசியம். நல்ல பட்டதாரிகளைக் குறைந்த சம்பளத்துக்கு வைத்திருந்தோம், மீதியை அவர்கள் மாலையில் பெற்றோரிடமிருந்து சம்பாதித்துக்கொண்டார்கள். அதாவது ஆசிரியர் சம்பளத்தில் ஒரு பகுதியையும் நாங்கள்தான் கட்டுகிறோம். கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் மாலை வகுப்பு.

இந்தப் பாதீட்டில் அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 24,250இலிருந்து 40,000 ஆகிறது, ஏப்ரலிலிருந்து மூன்று வருடத்தில் படிப்படியாக. நல்லது. ஆனால் இதனால் மட்டும் கல்வியின் பங்கு கொஞ்சம் ஏறிக் காட்டும். அப்போது "பார், ஏற்றிவிட்டோம்" என்பார்கள். ஏறிய பங்கில் எவ்வளவு சம்பளம், எவ்வளவு கரும்பலகை, எவ்வளவு கழிவறை என்று பிரித்துக் கேட்க வேண்டும். மீண்டுவரும் செலவில், அதாவது வருடா வருடம் திரும்ப வரும் செலவில், பெரும்பகுதி சம்பளம். கஷ்டம் வந்தால் முதலில் வெட்டுப்படுவது மூலதனச் செலவு, கட்டடமும் உபகரணமும்.

மார்ச் 4

சர்வதேசப் பாடசாலைகள் பற்றி ஒரு வரி. 1961 சட்டத்தின்படி புதிதாகத் தனியார் பாடசாலை திறக்க முடியாது என்பதால் அவை கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்துகொள்கின்றன. அங்கே கட்டப்படும் கட்டணமும் நாடு கல்விக்குச் செலவழிக்கும் காசுதான், ஆனால் அரசின் பங்கில் வராது. கொழும்பில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களின் பிள்ளைகள் அங்கே போகத் தொடங்கினால் அரச பாடசாலையின் ஒழுகும் கூரை யார் கண்ணிலும் படாது. அது எனக்குக் காசைவிடப் பெரிய பயம்.

மார்ச் 6

இஞ்சியோனின் இரண்டாவது அளவுகோலுக்குத் திரும்புகிறேன் என்றேன்.

அரசின் மொத்தச் செலவு உற்பத்தியில் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 15 சதவீதம் கல்விக்கு என்றால் உற்பத்தியில் 3. 20 சதவீதம் என்றால் 4. 6 இல்லை, ஆனால் இன்றையதைப் போல் ஏறக்குறைய இரட்டிப்பு. நாளைக்கே தொடங்கக்கூடியது.

இந்தோனேசியாவின் அரசியலமைப்பில் பாதீட்டின் 20 சதவீதம் கல்விக்கு என்று எழுதியிருக்கிறது. பிரேசில் அரசியலமைப்பு வரி வருமானத்தோடு கட்டியிருக்கிறது: மத்திய அரசு 18 சதவீதம், மாநிலங்களும் நகரசபைகளும் 25 சதவீதம். இப்படி அரசின் கையில் வரும் காசோடு கட்டுவது எனக்குப் பிடித்திருக்கிறது. வரி ஏறினால் கல்வியும் ஏறும், 2022 போல விலைவாசியால் உற்பத்தி வீங்கியதும் பங்கு கரைந்துவிட்டது என்ற குழப்பமும் குறையும்.

ஆனால் ஓட்டை உண்டு. இந்தோனேசியாவில் 2008இல் ஆசிரியர் சம்பளத்தையும் அந்த 20க்குள் எண்ணலாம் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்த்தது. அதன்பின் இலக்கை எட்டுவது சுலபமாகிவிட்டது. எதை எண்ணுவது என்பதையும் சட்டத்திலேயே எழுதாவிட்டால் இலக்கு மட்டும் எட்டும், பிள்ளைக்கு ஒன்றும் எட்டாது. நம் அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரையில் எல்லோருக்கும் எல்லா மட்டத்திலும் கல்வி பெறச் சமமான உரிமை என்று இருக்கிறது. அது வழிகாட்டும் கோட்பாடு மட்டுமே, அதை வைத்து நீதிமன்றம் போக முடியாது. ஒரு எண்ணும் இல்லை.

மார்ச் 9

"எழுதியது போதும், என்ன செய்வது" என்று ஹட்டனிலிருந்து அக்காவே இங்கே வந்து கேட்டுவிட்டாள்.

நான் செய்யப் போவது இது. 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எங்கள் மாகாணத்தின் கல்வித் திணைக்களத் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாள்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். முகவரி மாற்றி யாரும் பயன்படுத்தலாம் என்பதால் கேள்விகளை இங்கே போடுகிறேன்:

"கடந்த ஐந்து நிதியாண்டுகளில் எமது வலயத்தின் ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒதுக்கிய தர உள்ளீட்டு நிதி (கற்றல், கற்பித்தல் பொருள்களுக்கான காசு) எவ்வளவு, உண்மையில் விடுவித்தது எவ்வளவு? அதே காலத்தில் ஒவ்வொரு பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பெற்றோரிடமிருந்து சேர்த்ததாக அறிக்கையிட்ட தொகை எவ்வளவு? துப்புரவு ஊழியர், காவலாளி ஆகியோருக்கு அனுமதித்த பதவிகள் எத்தனை, நிரப்பியவை எத்தனை? சம்பளம் தவிர்ந்த செலவு ஒரு பிள்ளைக்கு எவ்வளவு?"

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். பெற்றோர் கட்டும் காசு எங்காவது ஒரு அரச கோப்பில் ஒன்றுசேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மார்ச் 9, இரவு

தெஹிவளை அண்ணா தன் மகன் படிக்கும் தேசியப் பாடசாலைக்கும் இதே கேள்விகளை அனுப்புவதாக எழுதியிருக்கிறார், அங்கே பாடசாலை அறவிடும் வசதிக் கட்டணத்தையும் சேர்த்து. தேசியப் பாடசாலை என்றால் மாகாணத்துக்கு அனுப்ப வேண்டாம் அண்ணா, கல்வி அமைச்சின் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். அக்கா தன் வலயத்துக்கு எழுதுகிறாள். கொட்டாஞ்சேனை டீச்சர் தன் பெயரில் அனுப்பத் தயங்குகிறார், அவருக்காக அவர் வகுப்புப் பெற்றோர் ஒருவர் கையெழுத்திடுகிறார். பதில் வருபவர்கள் இந்த இழையிலேயே போடுங்கள், படமாக இல்லாமல் எண்களைத் தட்டச்சு செய்து. நான் ஒரு அட்டவணையில் சேர்க்கிறேன்.